ஐந்து இருக்கையா, ஏழு இருக்கையா

ஏப்ரல் 5, சனி

காலையிலேயே வியர்வை. மாடியில் போட்ட துணி அதற்குள் அப்பளம். காஸ் பதிவு செய்ய வேண்டும். பால், தயிர், கொத்தமல்லி. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் வருவதாகச் சொல்லி மூன்றாவது வாரம்.

மதியம் மஸ்கட்டிலிருந்து ரகு பேசினான். வழக்கமாகத் தம்பியின் அழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்று அரை மணிக்கு மேல். மே கடைசியில் வருகிறார்கள். விடுமுறைக்கு இல்லை, ஒரேயடியாக. ஒன்பது வருடம் கழித்து. திருவான்மியூரில் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டில் குடியேறப் போகிறார்கள். அவன், ஹேமா, நிதின், யாழினி. கூடவே ஹேமாவின் அம்மாவும். அவர் இரண்டு வருடமாக அங்கே மகளுடன்தான் இருக்கிறார்.

வந்து இறங்கியதும் கார் வேண்டுமாம். இப்போதே பதிவு செய்தால்தான் அதற்குள் கைக்கு வரும்.

"அக்கா, ரெண்டு எஸ்யூவி பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். வீடியோ பாத்துப் பாத்து மண்டை குழம்பிப் போச்சு. நீ போய் ஓட்டிப் பாரு. நீ சொல்றதுதான் ஃபைனல்."

"எனக்கு என்னடா தெரியும்?"

"அம்மாவ வச்சுக்கிட்டு இந்த ஊர்ல அவ்ளோ நாள் ஓட்டினியே. உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

அம்மா போனபின் அந்தப் பழைய காரை விற்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் ஸ்கூட்டர் மட்டும்தான். சரி என்றேன். போனை வைத்தபின் மந்தைவெளிச் சந்தையில் ஒரு மாம்பழம் கூடுதலாக வாங்கினேன். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிசியோதெரபி கிளினிக்கில் அரை நாள் விடுப்பு. தேனாம்பேட்டை ஷோரூம். உள்ளே ஏசி குளிர், வெளியே அண்ணா சாலை கொதிக்கிறது.

தீபிகா என்று ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும். தண்ணீர் கொடுத்தாள், காபி கொடுத்தாள். முதல் கேள்வி: "ஃபேமிலில எத்தனை பேர் மேம்?"

ஒண்ணு என்று வாயில் வந்துவிட்டது. சமாளித்து, "ஆறு" என்றேன்.

"ஆறுன்னா இதுல கொஞ்சம் டைட் மேம். அஞ்சு சீட்டர். பட் எப்பவும் எல்லாரும் ஒண்ணாவா போவீங்க? மாட்டீங்கல்ல?"

வண்டியைக் காட்டச் சொன்னேன்.

தேனாம்பேட்டை வண்டிக்கு இனி 'தே' என்று பெயர். குறிப்பு:

— கதவு அகலமாகத் திறக்கிறது. இருக்கை சரியாக இடுப்பு உயரம். முட்டி தேய்ந்தவர்கள் உட்கார்ந்து திரும்பினால் போதும், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.
— பின்சீட்டுக்குத் தனி ஏசி.
— டிக்கி பெரிது. இரண்டு பெரிய பெட்டி படுக்கும்.
— கூரையில் கண்ணாடி. திறக்கும். நிதின் கேட்டது இதுதான்.
— கியர் தானே மாறும். ஹேமா கேட்டது.

ஓட்டிப் பார்த்தேன். ஆழ்வார்பேட்டை வரை போய்த் திரும்பினேன். முதல் இரண்டு சிக்னலில் இல்லாத கிளட்சைக் கால் தேடியது. மேம்பாலம் ஏறும்போது அந்தத் தேடல் நின்றுவிட்டது. பக்கத்தில் தீபிகா, "சூப்பரா ஓட்டறீங்க மேம்!" எல்லோரிடமும் சொல்வாளாக இருக்கும். இருந்தாலும் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அடையாறு ஷோரூம், கிளினிக்கிலிருந்து நடந்து போகும் தூரம். இந்த வண்டி 'அ'. ஏழு சீட்டு, மூன்று வரிசை. விற்பவர் பிரகாஷ். என் வயது இருக்கும், காதோரம் நரை, சட்டைப் பையில் மூன்று பேனா.

"மேடம், இது மூணு ரோ. சொந்தக்காரங்க யார் வந்தாலும் 'நீ ஆட்டோல வா'ன்னு சொல்ற பேச்சே கெடயாது. எல்லாரையும் ஏத்திக்கினு போய்க்கினே இருக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்துக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஓட்ட நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் திருப்புவது கஷ்டம், ஆனால் அவர்கள் இருக்கப்போவது எங்கள் தெருவில் இல்லையே. கடைசி வரிசையை மடக்கி அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் சதுரங்கள் வரைந்தேன். முன்னால் ரகு, ஹேமா. நடுவில் ஹேமாவின் அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். பின்னால் நான். யாழினி நிச்சயம் என்னோடு பின்னால் வருவாள். போன முறை வந்தபோது என் மடியிலேயே கிடந்தாள். அப்போது ஐந்து வயது, இப்போது எட்டு.

மகாபலிபுரம் போகலாம். வேடந்தாங்கல் போகலாம். புளியோதரை கட்டிக்கொண்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குத் தீபிகா: "குட் மார்னிங் மேம், சாப்டீங்களா?" பத்து மணிக்குப் பிரகாஷ்: "மேடம், வீட்டுல பேசினீங்களா?" மதியம் மறுபடியும் தீபிகா. மாலை பிரகாஷ், நிறங்களின் படங்களோடு.

கிளினிக்கில் நாள் முழுக்கப் பேசுகிறேன். காலைத் தூக்குங்க, மடக்குங்க, இன்னும் பத்து, மூச்சை விடுங்க. ஆனால் நான் சாப்பிட்டேனா என்று கடைசியாக யார் கேட்டது என்று யோசித்தேன். கார் விற்கும் பெண்தான். விற்பனைப் பேச்சு என்று தெரிந்தேதான் பதில் போட்டேன். "சாப்பிட்டேன்மா. நீ?"

ஏப்ரல் 12, சனி

இரவு வீடியோ அழைப்பு. எல்லோரும் இருந்தார்கள். இரண்டு வண்டிகளைப் பற்றியும் சொன்னேன். நிதின் கூரைக் கண்ணாடியைப் பற்றி மட்டும் கேட்டான். ஹேமாவின் அம்மா, "உமா, எனக்கு ஏற வசதியா இருக்கணும்மா, அவ்வளவுதான்" என்றார். ரகு, "ரெண்டு நாள்ல முடிவு பண்ணிடலாம்க்கா, வச்சிடறேன்" என்று போனை வைத்தான். வைத்ததாக நினைத்துக்கொண்டான்.

என் திரையில் அவர்கள் வீட்டுக் கூரை. ஒரு விளக்கு. குரல்கள் மட்டும் கேட்டன.

ஹேமா: "ஏழு சீட்டு எதுக்குங்க? நாம நாலு பேரு. அம்மாவோட அஞ்சு. அவ்ளோதானே?"

ரகு: "ஆமா. அஞ்சுதான். அஞ்சு போதும்."

ஹேமா: "தோசை ஊத்தட்டுமா?"

நான்தான் துண்டித்தேன்.

ஹேமா தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உமாவுக்கு இடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். நான் பேச்சிலேயே வரவில்லை.

சதுரங்கள் வரைந்த தாளைக் கிழிக்கவில்லை. மளிகைச் சீட்டுக்குப் பின்பக்கம் பயன்படும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. ஒரு மாங்காயில் பாதி, ஒரு கை வெல்லம், பச்சடி. பாக்கி மாங்காய் ஃபிரிட்ஜில். கபாலீஸ்வரர் கோவிலில் கூட்டம் தெற்கு மாடவீதி வரை. வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாழ்த்துச் சொன்னவர்கள்: தீபிகா, பிரகாஷ், வங்கி. ரகு குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். குழு என்றால் நாங்கள் மூன்று பேர்தான்.

முடிவு சொல்லிவிட்டால் தீபிகாவும் பிரகாஷும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று ஓர் எண்ணம். இரண்டு நாள் என்றான் ரகு. இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மாலை கிளினிக் முடிந்ததும் மறுபடியும் அடையாறு. "பின்சீட்டுல உக்காந்து பாக்கணும்" என்றேன். பிரகாஷ் பெட்டிகளை இறக்கி, இருக்கையை நிமிர்த்தி, கைக்குட்டையால் துடைத்தும் கொடுத்தார்.

நடு சீட்டைச் சாய்த்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலை இழுத்து, ஒருவழியாக உள்ளே போனேன். உட்கார்ந்தால் முட்டி மார்பில் இடிக்கிறது. தலை கூரையில். கால் நீட்ட இடமில்லை. பக்கக் கண்ணாடி திறக்காது. பத்து நிமிடம் அப்படியே இருந்தேன்.

"எப்படி மேடம்?" வெளியிலிருந்து பிரகாஷ்.

"உங்க வீட்டுல யாராவது இதுல உக்காந்து ஊருக்குப் போயிருக்காங்களா?"

சிரித்தார். "சொன்னா நம்ப மாட்டீங்க மேடம். என்கிட்ட காரே கெடயாது."

நடு வரிசையும் பார்த்தேன். தரை உயரம். ஹேமாவின் அம்மா ஏறுவதற்குக் காலை நன்றாகத் தூக்க வேண்டும். அவரது எக்ஸ்ரே படங்களை ரகு முன்பே எனக்கு அனுப்பியிருக்கிறான். இடது முட்டியில் குருத்தெலும்பு கிட்டத்தட்ட இல்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் ஒரு காய்கறிப் பைதான் வைக்கலாம்.

வேறு யாராவது என்னிடம் வந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன்.

ஏழு சீட்டு எடு என்று சொல்லலாம். ரகு மறுபேச்சுப் பேச மாட்டான். நான் சொல்வதுதான் முடிவு. தினமும் அந்த அம்மா ஏறி இறங்கும்போது வலிக்கும். எதனால் வலிக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரல் 18, வெள்ளி

ரகுவிடம் சொல்லியாயிற்று. 'தே'. ஐந்து சீட்டு. வெள்ளை.

"ஷ்யூராக்கா?"

"ஆமாடா. உங்களுக்கு இதுதான் சரி."

"சூப்பர். ஹேமாவும் அதையேதான் சொன்னா."

பிரகாஷுக்கும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். "பரவால்ல மேடம். நல்லதா பாத்து எடுத்திருக்கீங்க. வேற யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க" என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. இந்த மாதம் அவருக்கு எத்தனை விற்றிருக்கும் என்று கேட்கத் தோன்றியது. எதற்குக் கேட்பது?

மாலை ஸ்கூட்டரில் எலியட்ஸ் கடற்கரை வரை போய்த் திரும்பினேன். எல்லாம் ஜோடி, குடும்பம், பஞ்சு மிட்டாய்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்பது நாள் இதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. பிளம்பர் வந்தான். குழாய் சரியாகிவிட்டது. இப்போது ராத்திரி அந்தச் சொட்டும் சத்தமும் இல்லை.

மே 9, வெள்ளி

கத்திரி வெயில். இன்று வண்டி கைக்கு வந்தது.

ஷோரூமில் ஓர் அறை முழுக்க பலூன். வண்டிமேல் சிவப்புப் பட்டுத் துணி. கேக்கில் 'வாழ்த்துகள் ரகுராமன் குடும்பம்'. அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்று. தீபிகா புடவையில் வந்திருந்தாள். வாசலைப் பார்த்தாள்.

"ஃபேமிலி எல்லாம் வந்துட்டு இருக்காங்களா மேம்?"

"அவங்க மஸ்கட்ல இருக்காங்கம்மா. நான் மட்டும்தான்."

ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்புறம் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "சதீஷ், வாங்க. ரேவதிக்கா, நீங்களும் வாங்க. மேம் கூட நில்லுங்க." கணக்கு எழுதும் ரேவதி, சர்வீஸ் ஆள் சதீஷ், கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து துணியை இழுத்தோம். கைதட்டினார்கள். கேக் வெட்டினேன். ரேவதி முதல் துண்டை எனக்கு ஊட்டிவிட்டாள். முன்னே பின்னே தெரியாதவள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயிலுக்கு என்று சொன்னேன். ஏசி அறையில்.

படத்தைக் குழுவில் போட்டேன். ரகுவிடமிருந்து வரிசையாக இதயங்கள். ஹேமா அதே படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். வண்டி மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தாள். ஓரத்தில் யாருடைய கையோ. வளையலைப் பார்த்தபின்தான் என்னுடையது என்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் மாடி வீட்டுப் பையன்களின் பைக் இரண்டு. நகர்த்தச் சொல்லி நிறுத்தினேன்.

மே 11, ஞாயிறு

தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இஸ்திரி போடும் ஆறுமுகம் தன் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா மேடம், புச்சு வண்டியா? சூப்பரா கீது. யார்து?"

"தம்பியோடது."

"தம்பி எங்க?"

"வெளிநாட்டுல. மாசக் கடைசியில வர்றான்."

"அதுவரிக்கும் நீங்கதானே ஓட்டிக்கினு இருப்பீங்க? அப்போ உங்க்ளுதுதான். நவுருங்க, பழத்த நான் வைக்கறேன். டக்குனு ஏத்தக் கூடாது, மெதுவா வாங்க."

மெதுவாக ஏற்றினேன். நான்கு பழமும் நசுங்கியது. ஆறுமுகத்துக்குப் பாதித் தேங்காய்.

வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் ஓட்டச் சொல்லி ரகு செய்தி அனுப்பியிருக்கிறான்.

மே 15, வியாழன்

தினமும் கொஞ்சம் என்பது தினமும் நிறைய என்று ஆகிவிட்டது. கிளினிக்குக்கே காரில்தான். காலையில் சாந்தோம் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன். வேண்டுமென்றேதான்.

இன்று சாயங்காலம் திடீர் மழை. முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு மாமி, மயிலாப்பூர்க்காரர், ஆட்டோ கிடைக்காமல் கிளினிக் வாசலில் நின்றார். ஏற்றிக்கொண்டேன். உட்கார்ந்து, திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டார். வலி என்று முகம் சுளிக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் சந்தோஷம்.

"பேஷா இருக்கே! எப்போ வாங்கினேள்?"

"போன வாரம் மாமி."

"ஆத்துல நிறைய பேரோ? இவ்வளவு பெரிய வண்டி வாங்கிண்டு இருக்கேளே."

"ஆமா மாமி. நாங்க ஆறு பேர்."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. மாமி விடவில்லை. யார் யார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நிதின் ஒன்பதாவது, யாழினி மூன்றாவது, யாழினிக்கு நான்தான் தலை பின்னிவிட வேண்டும் என்றேன். லஸ் வரை சரளமாக வந்தது.

இறங்கும்போது, "குடுத்து வச்சவா நீங்க" என்றார்.

மாமி உள்ளே போனபின்பும் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை நின்று நேரமாகியிருந்தது.

மே 18, ஞாயிறு

பட்டினப்பாக்கம். மீன் வாங்கலாம் என்று. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். சங்கரா நன்றாக இருந்தது.

"கால் கிலோ குடுங்க."

மீன்காரம்மா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "இன்னாமா, இம்மாம் பெரிய கார்ல வந்துட்டு கால் கிலோ கேக்கற? வூட்ல ஆள் இல்லியா?"

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். அவரும் கிண்டலாகத்தான் கேட்டார், மனதில் ஒன்றுமில்லை. ஒரு கிலோ போடச் சொன்னேன்.

வீட்டில் எல்லாவற்றையும் வறுத்தேன். இரண்டு சாப்பிட்டேன். ஆறுமுகத்துக்கு நான்கு. பாக்கி ஃபிரிட்ஜில். காரில் மீன் வாடை. இரண்டு எலுமிச்சம்பழம், காபித் தூள் ஒரு கிண்ணம் உள்ளே வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறேன். ஹேமாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை.

மே 24, சனி

வந்துவிட்டார்கள்.

விமான நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் காத்திருந்தேன். ரகு இளைத்திருக்கிறான், முன்தலையில் முடி இல்லை. அப்பாவைப் போலவே நடக்கிறான். நிதின் என்னைவிட உயரம். யாழினி வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் நின்றாள். மடியில் கிடந்த குழந்தை இல்லை.

மூன்று தள்ளுவண்டியில் பெட்டிகள். டிக்கியில் போட்டதுபோக ஆறு மிச்சம். அதற்கு ஒரு டாக்சி பிடித்தோம்.

"பெட்டி கூட யாராவது போகணுமே" என்றான் ரகு.

"நான் போறேன்" என்றேன். வேறு யார்? சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

டாக்சியின் முன்சீட்டில், மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. முன்னால் வெள்ளைக் கார் நகர்ந்தது. பத்தடி போயிருக்காது, வெயிலில் வைப்பர் ஓட ஆரம்பித்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது, வலதுபக்கமாக. எதிரே வந்தவன் ஹார்னை அழுத்திக்கொண்டு கத்தினான். போன் அடித்தது.

"அக்கா, வா. என்னால முடியல. மஸ்கட்ல எல்லாம் வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம். இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஓடுது."

பின்னணியில் நிதினின் சிரிப்பு, ஹேமா, "இறங்குங்க முதல்ல. கொன்னுடுவீங்க போல."

இறங்கிப் போனேன். ரகுவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. டாக்சியில் போய்ப் பெட்டிகளோடு உட்கார்ந்துகொண்டான்.

நான் ஓட்டினேன். ஹேமா பக்கத்தில், பின்னால் மூன்று பேர். வண்டிக்குள் இத்தனை சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நிதின் கூரையைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் எழுந்து நின்றான். உட்கார் என்று அதட்டினேன், உட்கார்ந்துவிட்டான். ஹேமாவின் அம்மா, "ஏற ரொம்ப சுலபமா இருந்துச்சு உமா" என்றார்.

கிண்டி தாண்டும்போது யாழினி வாயைத் திறந்தாள். "அத்தை, இது உங்க காரா?"

"இல்லடா. உங்க கார்."

"அப்போ நீங்க ஏன் ஓட்டறீங்க?"

"யாழினி, சும்மா வா" என்றாள் ஹேமா. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், மெதுவாக, "காரை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க அண்ணி. காபி வாசனை வருது" என்றாள்.

திருவான்மியூர் வீட்டில் பால் காய்ச்சினோம். எல்லோருக்கும் தூக்கம். சாவியை ஷூ அலமாரிமேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். "இரு அக்கா, சாப்பிட்டுப் போ" என்றான் ரகு, கண்ணை மூடிக்கொண்டே. ஆட்டோவில் வந்தேன்.

நிறுத்தும் இடத்தில் அதற்குள் பைக் இரண்டும் வந்துவிட்டன.

மே 27, செவ்வாய்

ரகு கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான். ஞாயிறு விடியற்காலையில் வர முடியுமா, ரோடு காலியாக இருக்கும்போது கொஞ்சம் ஓட்டிப் பழக வேண்டும், வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள் என்றான். ஸ்கூல் திறக்கும்முன் பழகிவிட வேண்டுமாம்.

வருகிறேன் என்றேன். டிரைவர் வேண்டுமா, அக்கா வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

கடல் காற்று. ஆச்சரியமாக, வியர்க்கவில்லை. ஸ்கூட்டரில் திருவான்மியூர் போனபோது ரகு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், கையில் சாவி, காலில் செருப்புகூட இல்லை. "செருப்பு போட்டா காலுக்குப் பெடல் தெரியல" என்றான். சின்ன வயதில் சைக்கிள் பழகும்போதும் இப்படித்தான்.

பெசன்ட் நகர் வரை நேராக. இடது ஒட்டி, இடது ஒட்டி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாதா கோவில் பக்கம் ஒருமுறை பிரேக்கை அழுத்திவிட்டான், பால்காரர் திட்டிவிட்டுப் போனார். அப்புறம் சரியாகிவிட்டது. அடையாறு டெப்போ வந்தது. இன்னும் போகலாம் என்றான். மயிலாப்பூர் வரை வந்தோம். குளத்தைச் சுற்றினோம். பூக்காரர்கள் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்தது.

திரும்பும்போது சிக்னலில் சிவப்பு. எங்களைத் தவிர ஓர் ஆட்டோ மட்டும்.

"அக்கா."

"ம்."

"நேத்து பக்கத்துல பீச் வரைக்கும் மெதுவா ஓட்டிப் பாக்கலாம்னு கிளம்பினோம். எல்லாரும் ஏறியாச்சு. யாழினி கேட்டா, அத்தைய எங்க உக்கார வைக்கப் போறோம்னு."

நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை வரலம்மான்னு சொன்னேன். வந்தா எங்க உக்காருவாங்கன்னு மறுபடியும் கேக்கறா. அப்பதான்…" ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஏழு சீட்டு வண்டியயும் நீதானே போய்ப் பாத்த? ஏன்க்கா அத சொல்லல?"

"பின்சீட்டுல முட்டி இடிக்கும்டா. ஹேமா அம்மாவுக்கும் ஏற முடியாது."

"அது இல்ல. நான் உன்னை எண்ணவே இல்லக்கா. ஒரு வாட்டி கூட எண்ணல."

ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. அவன் என்னைப் பார்த்தபடியே இருந்தான். அப்பாவின் கண்கள். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்துடுச்சுடா," என்றேன். "வண்டிய எடு."

எடுத்தான்.